பேப்பர் இருக்கிறதா, அது சரியாக இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. 2019-ல் வாங்கிய ட்ரெஸர் ஒன் ஹார்டுவேர் வாலெட் என்னிடம் இருக்கிறது. அதில் கொஞ்சம் பிட்காயின் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கியதிலிருந்து அப்டேட் எதுவும் செய்யவில்லை. போன வாரம்தான் செய்தேன். அதன் பிறகு நான் வழக்கமாகப் பயன்படுத்தும் பழைய வாலெட் மென்பொருளில் பணம் அனுப்பப் போனால், பரிவர்த்தனைக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும் இடத்தில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பழைய ஃபர்ம்வேருக்கே (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) திரும்பினால் சரியாகுமா? டெலிகிராமில் ஒருவர், "பழைய ஃபைல் என்னிடம் இருக்கிறது, டேட்டா அழியாமல் மாற்றித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, முதலில் அந்த டெலிகிராம் ஆளோடு பேசுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் காந்திபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அப்டேட் பண்ணதிலிருந்து போன் ஸ்லோ, பழைய சாஃப்ட்வேரே போட்டுக் கொடுங்க" என்று வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். போட்டோவையும் கான்டாக்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பழையதைப் போட்டுக் கொடுப்போம். மாடலைப் பொறுத்து அரை மணி நேர வேலை. உங்கள் மனதிலும் அந்தப் பழக்கம்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்கிற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போன பிறகு, இந்த மாதிரி வாலெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள். எல்லோருமே இதைப் போன் மாதிரி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இது போன் இல்லை. பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவியை உள்ளே வைத்திருக்கும் கருவி. ட்ரெஸரில் பழைய ஃபர்ம்வேரை ஏற்றினால் உள்ளே இருக்கும் நினைவகம் துடைக்கப்படும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அதைச் செய்வது பூட்லோடர். கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிக்கும் சின்ன நிரல் அது. ஃபர்ம்வேரில் தயாரித்தவர்களின் கையெழுத்து இருக்கிறதா, அது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேர் என்றால் திரையிலேயே எச்சரிக்கை காட்டும். ஆக, "அழியாமல் மாற்றித் தருகிறேன்" என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் உங்கள் 24 சொற்களை, அதாவது வாலெட்டை மீட்பதற்காகப் பேப்பரில் எழுதி வைத்திருக்கும் ரகசியச் சொற்களைக் கேட்கப் போகிறார். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஏன் துடைக்க வேண்டும், எவ்வளவு அநியாயம் என்று தோன்றும். ஒரு திருடன் பக்கமாக நின்று பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் என்பது பெரும்பாலும் ஏதோ ஓர் ஓட்டையை அடைப்பது. அடைத்த ஓட்டை என்னவென்று ஊருக்கே தெரிந்துவிடும். உங்கள் கருவி தொலைந்து எடுத்தவன் கையில் கிடைத்தால், அவன் முதலில் நினைப்பது அந்த ஓட்டை இருந்த பழைய பதிப்புக்குத் திருப்பலாமா என்பதைத்தான். திருப்பும்போது சாவி உள்ளேயே இருந்தால் நீங்கள் செய்த அப்டேட்டுக்கு அர்த்தமே இல்லை. அதனால்தான், திரும்பு, ஆனால் வெறுங்கையோடு திரும்பு என்று வைத்திருக்கிறார்கள்.

பழைய பதிப்பில் அப்படி என்ன இருந்துவிடும் என்றால், அதற்கும் நடந்த கதை உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜோ கிராண்ட் என்கிற ஹார்டுவேர் நிபுணர், பின் நம்பர் மறந்துபோன ஒரு ட்ரெஸர் ஒன்னைத் திறந்த செய்தி 2022 ஜனவரியில் வெளியானது. உள்ளே சுமார் 20 லட்சம் டாலர் பெறுமானமுள்ள தீட்டா என்கிற கிரிப்டோ டோக்கன்கள். அந்தப் பழைய ஃபர்ம்வேர், கருவி கண் விழிக்கும்போது பின்னையும் சாவியையும் தற்காலிக நினைவகத்துக்கு நகல் எடுக்கும். சரியான நொடியில் சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சற்றே தடுமாற வைத்து அந்த நகலை வெளியே இழுத்தார். அன்றைக்கு அது உரிமையாளருக்காகச் செய்தது. அதே ஓட்டை, கருவியைத் திருடியவனுக்கும் திறந்துதான் இருந்தது. புதிய பதிப்புகளில் அந்த நகலெடுப்பு இல்லை.

சரி, உங்கள் பிழைக்கு வருவோம். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால், கோளாறு கருவியில் இல்லை என்றே நினைக்கிறேன்.

2020 ஜூன் மாதம் ட்ரெஸர் ஒரு முக்கியமான அப்டேட் கொடுத்தது. ட்ரெஸர் ஒன்னுக்கு 1.9.1, மாடல் டி-க்கு 2.3.1. சலீம் ரஷீத் என்கிற ஆய்வாளர் சுட்டிக்காட்டிய ஒரு சிக்கலுக்கான மருந்து அது. சிக்கலைக் கணக்காகச் சொல்கிறேன். உங்களிடம் தலா 10 பிட்காயின் கொண்ட இரண்டு உருப்படிகள் (தனித்தனியாக வந்து சேர்ந்த தொகைகள்) இருக்கின்றன என்று வையுங்கள். கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ், முதல் தடவை உங்கள் கருவியிடம் "ஒன்று 10, இன்னொன்று 1, மொத்தம் 11" என்று சொல்கிறது. 10.9 அனுப்புகிறீர்கள், கட்டணம் 0.1 என்று திரை காட்டுகிறது. சரிதானே என்று பட்டனை அழுத்துகிறீர்கள். "பிழை, மறுபடி முயலவும்" என்று வருகிறது. மறுபடி அழுத்துகிறீர்கள். இந்தத் தடவை அது எண்களை மாற்றிப் போட்டு "ஒன்று 1, இன்னொன்று 10" என்று சொல்லியிருக்கிறது. திரையில் அதே 0.1 கட்டணம்தான். செக்விட் என்கிற பிட்காயின் பரிவர்த்தனை முறையில் ஒவ்வோர் உருப்படியின் கையெழுத்தும் அதனதன் தொகைக்கு மட்டும்தான் பொறுப்பு. அதனால் முதல் தடவை போட்டதில் ஒரு கையெழுத்து செல்லும், இரண்டாம் தடவை போட்டதில் இன்னொன்று செல்லும். செல்லுகிற இரண்டையும் சேர்த்தால் 20 பிட்காயின் வெளியே போகிறது, 10.9 சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது, மீதி 9.1 கட்டணமாகக் கரைந்துவிடுகிறது.

உங்கள் கருவி, உங்கள் கை, உங்கள் கண் முன்னால். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மருந்து என்ன? கம்ப்யூட்டர் சொல்லும் தொகையை நம்பாதே, அந்தக் காசு வந்த முந்தைய பரிவர்த்தனையை முழுசாக வாங்கி நீயே தொகையைச் சரிபார் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த நாளில் பல வாலெட் மென்பொருள்கள் முந்தைய பரிவர்த்தனையை அனுப்பும் பழக்கமே இல்லாதவை. கருவி கேட்கும், மென்பொருள் தராது, வேலை நின்றுவிடும். 2020-ல் இதற்காகவே பலர் டவுன்கிரேட் செய்ய, அதாவது பழைய பதிப்புக்குத் திரும்ப, வழி தேடினார்கள். பிறகு மென்பொருள்காரர்கள் திருத்திக்கொண்டார்கள். 2021 நவம்பரில் பிட்காயினில் வந்த டாப்ரூட் முறையிலோ, ஒவ்வொரு கையெழுத்தும் எல்லா உருப்படிகளின் தொகையையும் சேர்த்தே உறுதி செய்கிறது.

நீங்கள் 2019-ல் இறக்கிய மென்பொருளையே இன்னும் வைத்திருந்தால் பழைய பேச்சு பேசுவது அதுதான். கருவியைப் பின்னால் இழுக்க வேண்டாம். அந்த மென்பொருளின் புதிய பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள், அல்லது தயாரிப்பாளரின் ட்ரெஸர் ஸூட்டில் திறந்து பாருங்கள். பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே சரியாகிவிடும்.

அப்படியும் சரியாகாமல் டவுன்கிரேட்தான் செய்தாக வேண்டும் என்றால், அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உங்கள் பேப்பரில் இருக்கும் சொற்களைச் சரிபாருங்கள். பேப்பர் இருக்கிறதா என்று கேட்கவில்லை, அதில் எழுதியிருப்பது சரியா என்று கேட்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். 2021-ல் ஓர் ஆசிரியர் இரண்டு பட்டன் வைத்த ஒரு வாலெட்டோடு கடைக்கு வந்தார். அவருக்கும் உங்களைப் போலத்தான் ஏதோ பொருந்தாமல் பழைய பதிப்பு வேண்டும் என்றார். "சொற்கள் எழுதி வைத்திருக்கிறீர்களா சார்?" என்று கேட்டேன். சட்டைப் பையைத் தட்டி, "பத்திரமா இருக்கும்மா" என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன். இரண்டு பட்டனையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிளைச் சொருகினேன். பழைய பதிப்பு ஏறியது, கருவி காலியானது. எல்லாம் எதிர்பார்த்தபடிதான். பிறகு அவர் பேப்பரை விரித்தார். 24 சொற்களையும் போட்டு முடித்தால், சொற்கள் செல்லாது என்கிறது. மறுபடி போட்டோம். செல்லாது. அவர் முகம் வெளுத்துப் போனது. என் கை நடுங்கியது.

மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் அந்தப் பேப்பரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். 17-வது சொல். கூட்டெழுத்தில் எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் "சன்" என்று படித்துக்கொண்டிருந்தோம். அது "ரன்". ஆங்கிலக் கூட்டெழுத்தில் அந்த இரண்டு முதலெழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இந்தச் சொற்களை எடுக்கும் பொதுப் பட்டியலிலோ சன், ரன், ஃபன், கன் நான்குமே இருக்கின்றன. "ரன்" என்று போட்டதும் கருவி ஏற்றுக்கொண்டது. அந்த மனிதர் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அவரிடம் நான் கூலி வாங்கவில்லை, வாங்க மனசு வரவில்லை. சரிபார்க்காமல் அழுத்தியது என் தப்பு. அன்றிலிருந்து, சொற்களைச் சோதிக்காத வாலெட்டில் கை வைப்பதில்லை.

சொற்களின் கணக்கை நீங்கள் தெரிந்துகொண்டால் நல்லது. 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்தே போதும், வேறு சொல்லோடு குழம்பாது. 24 சொற்களில் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கிறது. ஏதாவது ஒரு சொல் தப்பாகிவிட்டால், 256-ல் ஒரு தடவைதான் அது தற்செயலாகத் தப்பிக்கும். மற்ற எல்லாத் தடவையும் கருவி "செல்லாது" என்று சொல்லிவிடும். ஆகவே ஒரே ஒரு சொல்தான் தப்பு என்றால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். 24 இடம், ஒவ்வொன்றுக்கும் 2047 மாற்று, மொத்தம் 49,128. அதில் சரிபார்ப்பைத் தாண்டுவது 192 அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு மூன்று சொற்கள் தப்பு, வரிசையும் மாறிவிட்டது என்றால் கதை வேறு. ஆனால் தேடுகிறேன் என்று எந்த இணையதளத்திலும் சொற்களைத் தட்டாதீர்கள். நெட் இல்லாத கம்ப்யூட்டரில் செய்யும் வேலை அது.

சோதிப்பது எப்படி? கருவியை அழிக்காமலே சொற்களைச் சரிபார்க்கும் வசதி ட்ரெஸரில் இருக்கிறது. ஸூட்டின் அமைப்புகளில் பேக்கப் சரிபார்ப்பு என்று வரும். ட்ரெஸர் ஒன்னில் சாதாரண முறையில் சொற்களைக் கம்ப்யூட்டர் கீபோர்டில்தான் தட்ட வேண்டும். எத்தனையாவது சொல் என்பதைக் கருவித் திரை கலைத்துப் போட்டுக் கேட்கும். அதனால் கம்ப்யூட்டருக்கு வரிசை தெரியாது. என்றாலும் எனக்கு அதில் மனசு ஒப்பாது. இன்னொரு முறை இருக்கிறது. எழுத்துகள் கருவித் திரையில் கட்டம் கட்டமாக வரும், கம்ப்யூட்டரில் வெறும் கட்டத்தின் இடத்தை மட்டும் அழுத்துவீர்கள். நேரம் பிடிக்கும். பரவாயில்லை, அதையே செய்யுங்கள். இதே மாடலில் இன்னொரு கருவி கிடைத்தால், அதில் மீட்டெடுத்து அதே முகவரிகள் வருகின்றனவா என்று பார்ப்பது இன்னும் உறுதி.

அது சரியாக வந்த பிறகு, பழைய ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஃபர்ம்வேரோடு சேர்ந்து புதிதாகிவிட்ட பூட்லோடர் பின்னால் போகாது, ரொம்பப் பழைய பதிப்புகளை ஏற்காமலும் போகலாம். வேலை முடிந்ததும் பழைய பதிப்பிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். மேலே சொன்ன 9.1 பிட்காயின் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் லெட்ஜர் நிறுவனத்தின் ஹார்டுவேர் வாலெட் இருக்கிறது. 2023-ல் அவர்கள் "ரெக்கவர்" சேவையை அறிவித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அப்டேட் செய்துவிட்டேன். அதற்கு முந்தைய ஃபர்ம்வேருக்குப் போக வழி உண்டா?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: இல்லைங்க. லெட்ஜரில் ஃபர்ம்வேர் முன்னால் மட்டும்தான் போகும். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் கதவைச் சாத்திவிடுங்கள்.

உங்கள் கவலையை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. சாவி கருவியை விட்டு வெளியே வரவே வராது என்று நம்பித்தான் இதை வாங்கினோம். 2023 மே மாதம், சாவியை மூன்று துண்டாக்கி, பூட்டிட்டு, லெட்ஜர், காயின்கவர், எஸ்க்ரோடெக் என்று மூன்று இடத்தில் வைக்கிறோம், மாதம் 9.99 டாலர், அடையாள அட்டை காட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று சொன்னபோது, அப்படி வெளியே அனுப்ப முடியுமா என்கிற கேள்விதான் எல்லோருக்கும் வந்தது. எதிர்ப்பைப் பார்த்துத் தள்ளிப்போட்டு, அக்டோபரில்தான் தொடங்கினார்கள். நீங்களாகச் சேர்ந்து, கருவியிலேயே சம்மதம் கொடுத்தால் ஒழிய அது வேலை செய்யாது என்பது நிறுவனத்தின் விளக்கம். உங்களுடையது முதல் தலைமுறை நானோ எஸ் என்றால் அந்தச் சேவை அதற்குக் கிடையாது.

இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் மீது நம்பிக்கை போய்விட்டால், அதே நிறுவனத்தின் பழைய ஃபர்ம்வேர் அந்த நம்பிக்கையைத் திருப்பித் தராது. பழையதை எழுதியதும் அவர்களேதான். வேறு வாலெட் வாங்குங்கள். அதில் புதிதாகச் சொற்களை உருவாக்குங்கள். பழைய 24 சொற்களையே அங்கே கொண்டுபோகாதீர்கள், கொண்டுபோனால் பழைய பயமும் கூடவே வரும். முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, புதிய கருவியை அழித்து, சொற்களால் மீட்டு, காசு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை மாற்றுங்கள்.

வாங்கும் முன் அந்தக் கருவி டவுன்கிரேடை எப்படி நடத்துகிறது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸ்02 பதிப்பு எண்ணை ஏறுமுகமாக மட்டுமே எண்ணும், திரும்ப விடாது. டொரண்டோவின் கோல்ட்கார்டு ஒரு வரம்பு வரை விடும். ஆனால் "இந்தப் பதிப்புக்குக் கீழே இனி வேண்டாம்" என்று நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். போட்ட கோட்டை அழிக்க முடியாது. எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது, முடிவு நம் கையில் இருக்கிறது.

கேள்வி: டவுன்கிரேட் செய்தேன். 24 சொற்களும் சரியாக ஏறிவிட்டன, பிழை எதுவும் இல்லை. ஆனால் இருப்பு பூஜ்யம் காட்டுகிறது. எல்லாம் போய்விட்டதா?
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: போகவில்லை என்றே நினைக்கிறேன், பதறாதீர்கள். சொற்களைக் கருவி ஏற்றுக்கொண்டது நல்ல அறிகுறி.

முதலில் யோசியுங்கள், 24 சொற்களுக்கு மேலே பாஸ்ஃப்ரேஸ் (நீங்களே கூடுதலாக வைக்கும் ரகசியச் சொல்) ஒன்று வைத்திருந்தீர்களா? அதைப் போடாவிட்டால் வேறொரு காலி வாலெட்தான் திறக்கும். தப்பாகப் போட்டாலும் பிழை காட்டாது, இன்னொரு காலி வாலெட் திறக்கும். ஒரு இடைவெளி, ஒரு பெரிய எழுத்து மாறினாலும் அதுதான் கதி. இது தொந்தரவாகத் தெரியும், ஆனால் பாஸ்ஃப்ரேஸைக் குறை சொல்ல மாட்டேன். 2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு, ட்ரெஸர் கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் சாவியை எடுத்துவிடலாம் என்று காட்டியது. அதற்கு அவர்களே சொன்ன தற்காப்பு பாஸ்ஃப்ரேஸ்தான். அது கருவிக்குள் சேமிக்கப்படுவதில்லை.

பாஸ்ஃப்ரேஸ் இல்லை என்றால், கணக்கின் வகையைப் பாருங்கள். ஒரே சொற்களிலிருந்து 1-ல் தொடங்கும் முகவரிகள், 3-ல் தொடங்கும் முகவரிகள், bc1 என்று தொடங்கும் முகவரிகள் தனித்தனிப் பாதையில் பிறக்கின்றன. மூன்றும் மூன்று அலமாரி. பழைய மென்பொருள் ஒன்றை மட்டும் திறந்து காட்டிவிட்டு நின்றிருக்கும். எப்போதாவது காசு வாங்கிய பழைய முகவரி ஒன்று வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ இருக்கும், தேடி எடுங்கள். அது எப்படித் தொடங்குகிறது என்று பார்த்து அந்த வகைக் கணக்கைச் சேருங்கள். அந்த முகவரியை ஏதாவது ஒரு பிளாக்செயின் தளத்தில் போட்டால் காசு அங்கேயே இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அதற்கு முகவரி மட்டும் போதும். வேறு எதையாவது கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எனக்கு எழுதுங்கள்.